காய்ப்பும் கல்நெஞ்சும்



ஒரே ஒலியுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றி இன்று பேசக் கருதுகிறோம். வானொலிக்கு இது சற்று இடர்ப்பாடான பொருளே. ஏனெனில், காதால் கேட்குமிடத்து இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் ‘கேலஸ்’ என்றே ஒலிக்கும். எழுதுமிடத்து ஒன்றற்கு ஆறு எழுத்து, மற்றொன்றற்கு ஏழு. இறுதியில் நிற்கும் ‘யூ’, ‘எஸ்’ என்னும் இரண்டு எழுத்துகளுக்கு முன்னே ‘ஓ’ என்னும் எழுத்து ஒன்று மிகுந்து வருமாயின் அது பெயரடை. மிகாதாயின் அது பெயர். பெயர்ச்சொல், உராய்வினாலும் அழுத்தத்தினாலும் தோல் தடித்து இறுகிய இடத்தைக் குறிக்கும். பெயரடையோ, பிறர் துன்பத்தைக் கண்டும் நெகிழாத மனத்தைக் குறிக்கும். கேட்போர்க்குக் குழப்பம் நேராதிருக்கும்பொருட்டு, முன்னதைத் தோற்சொல் என்றும் பின்னதை மனச்சொல் என்றும் இப்பேச்சு முழுவதும் குறிப்போம்.

இவ்விரண்டு சொற்களும் நம் கவனத்திற்கு வந்தது அகராதியின் வழியாக அன்று. சில ஆண்டுகளுக்கு முன், நீரிழிவு நோயுடையார் தம் கால்களைப் பேணும் முறை பற்றிய நான்கு பக்கத் துண்டு வெளியீடு ஒன்று, தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் மனச்சொல்லும் தோற்சொல்லும் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. காலிலுள்ள கேலஸைப் பற்றிக் கேலஸாக இருந்துவிடாதீர் என்பது அத்தலைப்பின் போக்கு. எழுதியவர் தம் சொல் விளையாட்டை எண்ணி ஒரு நாளேனும் மகிழ்ந்திருப்பார். மொழிபெயர்ப்போர்க்கோ இத்தகைய விளையாட்டுகள் வினையாகவே முடியும். அரை நாள் முயன்றோம். தமிழில் அது வரவில்லை. ‘கால்களைக் கருத்துடன் பேணுக’ என்று பொதுவாக எழுதிவிட்டு மேலே சென்றோம். தலைப்பில் தோற்றுவிட்டோமே என்னும் வருத்தத்தில், உள்ளே செய்த பெரும்பிழை நம் கண்ணில் படவில்லை. அப்பிழையைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் எழுத்தைப் பற்றிய செய்தி. இது மனப்பாடம் செய்ய வேண்டிய தனி விதி அன்று. இலத்தீனில் பெயராக இருந்தவை ஆங்கிலத்திற்கு வந்தபோது ‘யூ’, ‘எஸ்’ என்னும் ஈற்றோடு அப்படியே வந்தன. அப்பெயர்களிலிருந்து பிறந்த பெயரடைகள் இடையில் ‘ஓ’ என்னும் எழுத்தை ஏற்றன. சளியைக் குறிக்கும் ‘மியூகஸ்’ என்னும் சொல்லைப் பாருங்கள். சளி என்னும் பொருளுக்கு ஓகாரம் இல்லை. சளிச்சவ்வு என்னுமிடத்தில் அடைமொழியாக வருங்கால் ஓகாரம் உண்டு. காளானைக் குறிக்கும் ‘ஃபங்கஸ்’ என்பதும் இவ்வாறே. மாணவர் ஒருவர் இந்த ஒரு குறிப்பைக் கைக்கொண்டால் ஐந்தாறு சொற்களில் பிழை நேராது. உழைத்துத் தடித்த கைகளைக் கூறும் ‘கேலஸ்டு’ என்னும் வடிவத்தை மட்டும் ஓகாரம் இட்டும் இடாமலும் எழுதுவதை இக்கால அகராதிகள் ஏற்கின்றன. ஆங்கிலமும் ஓரிடத்தில் களைத்துப்போய் விட்டுக்கொடுத்துவிட்டது போலும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ‘கேலோ’ என்னும் ஆங்கிலச் சொல்லை இவற்றின் உறவினராகக் கருதுவோர்க்கு அது பொருளில் நேர்மாறாக இருப்பது வியப்பளிக்கும்; அது பட்டறிவு இல்லாத இளையோரைக் குறிப்பது. உண்மையில் அது வேறு குடியைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் வழுக்கை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்து, இறகு முளைக்காத பறவைக் குஞ்சைக் குறித்துப் பின்னர் அனுபவமற்ற இளையோர்க்கு ஆயிற்று.

இலத்தீனில் தடித்த தோலுக்குக் ‘கல்லும்’ என்று பெயர். இதனைக் கேட்டவுடனே தமிழ்க் கல்லை நினைத்து உறவு கொண்டாட நாத் துடிக்கும். அடக்கிக்கொள்வோம். ஒலி ஒன்றையே பற்றிக்கொண்டு உறவு கூறுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. நாம் வியக்க வேண்டிய செய்தி வேறொன்று. இப்பெயரோடு தொடர்புடைய இலத்தீன் வினைக்குத் தோல் இறுகுதல் என்பது ஒரு பொருள். பழகித் தேர்ச்சி பெறுதல் என்பது மற்றொரு பொருள். அவ்வினையிலிருந்து பிறந்த ‘கல்லிடஸ்’ என்னும் சொல், கைதேர்ந்தவன், சூழ்ச்சித் திறன் உடையவன் என்று பொருள்படும். கி.மு. 45ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய ‘தெய்வங்களின் இயல்பு’ என்னும் உரையாடல் நூலிலேயே, உழைப்பினால் கை இறுகுவதையும் பழக்கத்தினால் அறிவு உரம்பெறுவதையும் ஒப்பிட்டு இச்சொல்லுக்கு விளக்கம் கூறப்பட்டுள்ளது. ஆக, உரோமானியர்க்குத் தோல் தடித்த கை என்பது திறமையின் அடையாளமாகவும் விளங்கிற்று. ஆங்கிலம் இந்தத் திறமைப் பொருளைத் தன் மனச்சொல்லில் ஏற்கவில்லை. இறுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் தோலுக்கே அடையாக வழங்கிய அச்சொல்லைப் 17ஆம் நூற்றாண்டளவில் மனத்தின்மேல் ஏற்றி, இரக்கமற்றவன் என்னும் பொருளில் நிலைநிறுத்திவிட்டது.

இனித் தோலுக்கு வருவோம். நம் தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான படலம் ஒன்று உண்டு. நகத்திலும் மயிரிலும் மாட்டுக் கொம்பிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இப்படலத்திலும் நிறைந்துள்ளது. கீழிருந்து புதிய உயிரணுக்கள் மேலெழ, மேலுள்ளவை உதிர்ந்துகொண்டேயிருக்கும். ஓரிடத்தில் உராய்வோ அழுத்தமோ நாள்தோறும் நேருமாயின், அங்கே உயிரணுக்கள் மிகுதியாகத் தோன்றும். மேற்படலமும் உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கும். உடல் தானே தைத்துக்கொள்ளும் ஒட்டுத்துணி என்று இதனைக் கூறலாம். ஒட்டகத்தின் மார்பிலும் முழங்காலிலும் இத்தகைய திண்டுகள் உள்ளன. மணலில் மண்டியிடும்போது உடலை அவையே தாங்குகின்றன.

இதற்கும் காலாணிக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். காலாணி சிறியது, நடுவில் கெட்டியான முனை ஒன்று உள்நோக்கி இறங்கியிருக்கும், மிதித்தால் சுருக்கென்று குத்தும். பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது. நாம் பேசும் தடிப்போ பரந்து படர்ந்திருக்கும், ஓரம் இன்னதென்று தெளிவாகத் தோன்றாது, பெரும்பாலும் வலிக்காது. ஆங்கிலத்தில் காலாணிக்கு ‘கார்ன்’ என்னும் தனிச்சொல்லே உண்டு. வலிப்பது ஒன்று, வலிக்காதது ஒன்று, வலிக்காததுதான் மறக்கப்படுவது.

இத்தடிப்புக்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. ‘காய்ப்பு’ என்பது அதன் பெயர். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போயிற்று என்பர். காய்ப்பேறிய கை என்பர். பேச்சு வழக்கில் ‘காப்புக் காய்த்தல்’ என்னும் தொடரும் உண்டு. காப்பு என்பதற்குப் பாதுகாவல் என்பதும் பொருளாதலின், அத்தொடரைக் கேட்கும்போது காயத்தைத் தடுக்கும் கவசம் ஒன்றும் உடன் நினைவுக்கு வருகிறது. மரம் காய்த்தது என்பதும் கை காய்த்தது என்பதும் ஒரே வினையாக ஒலிப்பதை எண்ணி நாம் பலமுறை மகிழ்ந்ததுண்டு. ‘தழும்பு’ என்பது வடுவையும் குறிக்கும். இடைவிடாப் பழக்கத்தினால் ஏறும் தடிப்பையும் குறிக்கும். இறைவன் பெயரை நாத்தழும்பேறச் சொல்லுதல் என்னும் வழக்கில் அத்தழும்பு பெருமைக்குரியதே.

புறநானூற்றின் 14ஆம் பாட்டு கைகளைப் பற்றியதே என்று சொல்லலாம். சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன், புலவர் கபிலரின் கையைப் பற்றி, இக்கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியக்கிறான். அரசனுடைய கை, யானையை அடக்கும் தோட்டி பிடித்தும், குதிரையின் கடிவாளம் இழுத்தும், வில் வளைத்தும் வன்மை ஏறிய கை. அவனைப் பாடும் புலவரின் கையோ, சோறும் ஊனும் கறியும் உண்டு வருந்துவதன்றி வேறு வருத்தம் அறியாதது. ஆதலின் மென்மையாயிற்று என்று கபிலர் விடை கூறுகிறார். வன்மையான கைக்கு உரியவனே வாரி வழங்குபவனாகவும் இருப்பது இப்பாட்டின் சிறப்பு. கை இறுகியதனால் நெஞ்சு இறுகியது என்னும் எண்ணம் அங்கே தலைகாட்டவில்லை. நம் நடுவிரலிலும் பேனா அழுந்திய இடத்தில் காய்ப்பு ஒன்று உண்டு. விசைப்பலகை வந்தபின் அதுவும் கரைந்து வருகிறது. கபிலர் கட்சியில் நாமும் சேரும் நாள் தொலைவில் இல்லை.

மனச்சொல்லைத் தமிழாக்குவதுதான் உண்மையில் கடினம். நாளேட்டில், சட்டமன்ற விவாதத்தில், விசாரணை அறிக்கையில் இச்சொல் அடிக்கடி வரும். நிருவாகத்தின் போக்கு ‘கேலஸ்’ என்று ஆங்கில ஏடு எழுதினால், மறுநாள் தமிழில் அது ‘மெத்தனம்’ என்றோ ‘அலட்சியம்’ என்றோ வெளிவருகிறது. இரண்டும் பொருந்தா. மெத்தனம் என்பது சோம்பல் கலந்த தாமதம். அலட்சியம் என்பது பொருட்படுத்தாமை. துன்பம் இருப்பதே தெரியாமலும் ஒருவர் அலட்சியமாக இருக்கலாம். கவனக்குறைவு என்பது அதனினும் மெல்லியது. மனச்சொல்லுக்கு அறிதல் இன்றியமையாதது. துன்பம் கண்முன் நிற்கிறது. நிற்பதை அவர் காண்கிறார். கண்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதுவே அச்சொல்லின் கரு.

அதே வேளையில் அது கொடுமையும் அன்று. கொடியவன் பிறர் துன்பத்தை விரும்புகிறான். இவனுக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆதலின் ‘கொடூரமான’ என்று மொழிபெயர்த்தால் பொருள் அளவு மீறிவிடும். தடித்த தோல் உடையவன் என்னும் ஆங்கில வழக்கையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அது, தன்னைப் பிறர் இகழ்ந்தாலும் உறைக்காதவனைக் குறிப்பது. நாம் எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல என்கிறோமே, அதற்கு நிகர். தன்மேல் விழும் சொல் உறைக்காமை ஒன்று. பிறர்மேல் விழும் அடி உறைக்காமை மற்றொன்று. முன்னது அரசியலுக்குத் தேவையான பண்பு என்றுகூடச் சிலர் கருதுவர்.

தமிழில் இதற்கு நிகராக நாம் பெரிதும் விரும்பும் சொல் ‘நெஞ்சழுத்தம்’. வீட்டுப் பேச்சிலும் அது வாழ்கிறது. அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்பர். ஆயினும் இடத்திற்கேற்ப அது துணிச்சலையும் குறிப்பதால் அலுவலகத் தமிழில் தயக்கம் நேர்கிறது. ‘கல்நெஞ்சம்’ எல்லார்க்கும் விளங்கும். சற்று நாடகத் தன்மை உடையது. தில்லியில் நம் இந்தி நண்பர்கள் ‘சங்தில்’ என்னும் சொல்லை எடுத்தாள்வர். பாரசீகத்தில் சங் என்றால் கல். தில் என்றால் நெஞ்சம். கல்லைத் தேடி அவர்களும் நாமும் ஒரே இடத்திற்குச் சென்றிருக்கிறோம். பழக்கத்தினால் இரக்கம் குன்றியது என்னும் கருத்துக்கு ‘மனம் மரத்துப்போதல்’ மிகப் பொருந்தும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பிணக்குழி வெட்டுவோன் பாடிக்கொண்டே வெட்டுகிறான். இளவரசன் அதனைக் கண்டு வியக்க, நண்பன் அதற்குப் பழக்கத்தைக் காரணமாகக் காட்டுகிறான். அந்த வெட்டியான் தீயவன் அல்லன். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அவனுக்கு உறவினர் பலர் உண்டு.

திருக்குறளின் 58ஆம் அதிகாரம் ‘கண்ணோட்டம்’. கண்டவர்மேல் இரக்கம் சென்று படிதல் என்பது அதன் பொருள். அச்சுறுத்தும் ஆட்சியைக் கடியும் அதிகாரத்திற்கும் ஒற்றாடலைக் கூறும் அதிகாரத்திற்கும் இடையே வள்ளுவர் அதனை வைத்திருக்கிறார். வீட்டு அறமாக அன்றி அரசாள்வோரின் கடமையாக வைத்திருக்கிறார். ஆகவே நிருவாகத்தைப் பற்றி வரும் மனச்சொல்லுக்குக் ‘கண்ணோட்டமின்மை’ என்பதனினும் சிறந்த தமிழ் இல்லை. ஆனால், இந்நாளில் கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம் என்றே படிப்போர் கொள்வர். அதிகாரிகளின் கண்ணோட்டமின்மை என்று எழுதினால், அவர்களுக்குத் தனிக்கருத்து இல்லை என்று பொருள்கொண்டு சிலர் பாராட்டவும் கூடும். நல்ல சொல் ஒன்றை இவ்வாறு இழந்துவிட்டோம்.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. இரக்கமின்மையைக் கூறத் தமிழ் கல்லிடமும் இரும்பிடமும் மரத்திடமும் சென்றதேயன்றி, உழைப்போரின் கையிடம் செல்லவில்லை. ஆங்கிலம் சென்றது. அது நியாயந்தானா என்று கேட்பதற்கு இப்போது அறிவியலும் இடம் தருகிறது. தோல் தடித்தால் உணர்வு மங்கும் என்னும் எண்ணத்தின்மேல்தான் அந்த உருவகம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கென்யாவிலும் அமெரிக்காவிலும், வெறுங்காலுடன் நடப்போரையும் காலணி அணிவோரையும் ஒப்பிட்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் உள்ளிட்ட அறிஞர்கள் செய்தது அது. வெறுங்காலுடன் நடப்போரின் உள்ளங்காலில் காய்ப்பு மிகுதி. ஆயினும், நடக்கும்போது தரையை உணரும் திறன் அதனால் குறையவில்லை என்று அவர்கள் கண்டனர். மெத்தென்ற அடிப்பகுதியுடைய காலணியைப் போல் அன்றி, இறுகிய தோல் தரையின் அதிர்வை உள்ளே உணரும் நரம்புகளுக்குக் கடத்திவிடுகிறது.

வீணை வாசிப்போர்க்கு இதனை ஆய்ந்து கூற வேண்டுவதில்லை. அவர்களுடைய இடக்கை விரல் நுனிகளில் தந்தி பதிந்து காய்ப்பேறியிருக்கும். அவ்விரல்களே தந்தியை மயிரிழை அளவு இழுத்துக் கமகம் காட்டுகின்றன.

உணர்வு இழந்த தோல் எது என்பதை அறிய வேலூருக்குச் செல்ல வேண்டும். 1946ஆம் ஆண்டில் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். விரல்கள் தாமே அழுகி விழுவதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாமையால் சுடுவதும் வெட்டுவதும் அழுந்துவதும் அறியாமல் நேர்ந்து, அக்காயங்களே விரலைக் கெடுக்கின்றன என்று அவர் விளக்கினார். இந்த உணர்வின்மைக்குத் தோலின் தடிப்புக் காரணம் அன்று. உள்ளே நரம்பு பட்டுப்போனதே காரணம். ஆங்கில மனச்சொல் காய்ப்பின்மேல் சுமத்திய பழி உண்மையில் வேறொன்றைச் சேர வேண்டியது.

தோற்சொல்லின் பிற ஆட்சிகளைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். எலும்பு முறிந்தால், முறிந்த இரு முனைகளையும் இணைத்துப் புதிதாக வளரும் திசுவுக்கும் அதே பெயர். மரப்பட்டையில் வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிப் புடைத்தெழும் திசுவுக்கும் அதே பெயர். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டும்போது இரு தண்டுகளையும் பிணைப்பது அதுவே. 1957ஆம் ஆண்டில் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர், புகையிலையின் இத்திசுவில் இரண்டு வகை வளர்ச்சிப் பொருள்களின் விகிதத்தை மாற்றி, வேண்டியவாறு வேரையோ தளிரையோ தோற்றுவிக்கலாம் என்று காட்டினர். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளின் கற்றைக்கும் இலத்தீனில் ‘இறுகிய உடல்’ என்று இதே வேரிலிருந்து பெயரிட்டுள்ளனர். பிரிந்ததைச் சேர்க்கும் இடங்களிலெல்லாம் இச்சொல் நிற்பதைக் காண்க.

இனி, நம் பிழைக்கு வருவோம்.

அத்துண்டு வெளியீட்டில் தோற்சொல் நான்கு இடங்களில் வந்தது. அகராதி ‘காய்ப்பு’ என்று சரியாகவே கூறிற்று. ஆனால், அது நாட்டுப்புறச் சொல்லாயிற்றே, மாங்காய்க் காய்ப்பு என்று மயங்குவார்களே என்று எண்ணினோம். ‘காலாணி’ என்றால் எல்லார்க்கும் தெரியும். காலில் இறுகும் தோல்தானே இரண்டும் என்று முடிவு செய்தோம். நான்கு இடத்திலும் காலாணி என்று எழுதினோம். மேற்பார்த்தவர் நடை எளிமையாக இருப்பதாகப் பாராட்டினார். அச்சாகி வந்ததும், நம் தமக்கையார் கணவருக்கு நீரிழிவு இருப்பதை நினைந்து, ஊருக்குப் படி ஒன்று அனுப்பிவைத்தோம்.

அவர் தையற்காரர். நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் மிதிபலகையை மிதித்தவர். கத்தரிக்கோல் வளையம் அழுந்திய கட்டைவிரலிலும், மிதித்த வலக்காலின் விரல்களுக்குக் கீழேயும் காய்ப்பு உண்டு. நம் சிறுவயதில் அந்தக் கட்டைவிரலைத் தட்டிப் பார்க்கச் சொல்லிச் சிரிப்பார். தையற்கடைக்கு உரிமம் இதுதான் என்பார். காலிலுள்ளதை மட்டும் மாதம் ஒருமுறை குளித்து முடித்தபின் பிளேடினால் மெல்லச் சீவிவிடுவார். வலிக்காது என்பார்.

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் காலின் நரம்பு மெல்ல மெல்ல உணர்விழக்கும். அத்தகைய காலில் உள்ள காய்ப்பு, செருப்புக்குள் அகப்பட்ட கூழாங்கல்லைப் போல் தன் அடியிலுள்ள தசையை ஒவ்வோர் அடியிலும் நசுக்கும். கீழே புண் உண்டாகும். மேலே மூடியிருப்பதால் தெரியாது. நரம்பு செத்ததால் வலிக்காது. தாமே வெட்டினால் காயம் எளிதில் ஆறாது. ஆகவே பிளேடு படலாகாது. மருத்துவரே பக்குவமாகச் சீவ வேண்டும். ஆங்கில வெளியீடு இதனைத்தான் சொல்லிற்று. 2023ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அச்செய்தி எத்தனை வீடுகளுக்குத் தேவை என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் தமிழில் அது, காலாணியைப் பிளேடினால் அறுக்காதீர் என்று ஆயிற்று.

அவருக்குக் காலாணி இல்லை. வெளியீட்டை அவர் முழுதும் படித்தார். கண்ணாடி அணிந்து, தமக்கையாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாராம். அடுத்த மாதமும் வழக்கம்போல் பிளேடு எடுத்தார். மழைக்காலம். வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியவில்லை. தரையில் கறை கண்டுதான் தமக்கையார் அறிந்தார். மருத்துவமனையில் ஐந்து வாரம் கிடந்தபின், வலக்காலின் இரண்டாம் விரலை எடுத்துவிட நேர்ந்தது.

நாம் போய்ப் பார்த்தபோது அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “நீ காலாணிக்குத்தானே எழுதியிருந்தாய், தம்பி? எனக்கு இருந்தது காய்ப்பு” என்றார். நமக்குச் சொல்லிக்கொடுப்பவர் போலவே கூறினார்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. அதற்கு மேல் அதனைப் பெரிதாக்கிச் சொல்லவும் மாட்டோம், குறைத்துச் சொல்லவும் மாட்டோம். தில்லிக்குத் திரும்பியதும், சொல்லைத் திருத்த வேண்டும் என்று வெளியீட்டுக்குப் பொறுப்பான பிரிவுக்குக் குறிப்பு எழுதினோம். காரணத்தையும் இரண்டாம் பத்தியில் எழுதினோம். கையிருப்பிலுள்ள படிகள் தீர்ந்து மறுபதிப்பு வரும்போது இது கருத்தில் கொள்ளப்படும் என்று விடை வந்தது. விடையில் இலக்கணப் பிழை இல்லை. மரியாதைக் குறைவு இல்லை. கையெழுத்தும் முத்திரையும் முறையாக இருந்தன. எழுதியவர் நம் குறிப்பைப் படித்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. ஏனெனில் பத்தி எண்ணைக் குறிப்பிட்டிருந்தார். மனச்சொல்லின் பொருளை நாம் முழுதாக அறிந்தது அன்றுதான். அதே நடையில் நாமும் பல விடைகளை எழுதி அனுப்பியிருக்கிறோம் என்பது சற்றுப் பின்னர் நினைவுக்கு வந்தது.

மறுமுறை குறிப்பு எழுதவில்லை, நேரில் சென்றோம். மூன்றாம் முறை சென்றபோது, மறுபதிப்புக்குக் காத்திராமல் திருத்தச் சீட்டு ஒட்டிக்கொள்ள இசைந்தனர். ஒட்டுவதற்கு ஆள் மட்டும் இல்லை என்றனர். நாமும் நண்பர்கள் இருவரும் அலுவல் முடிந்தபின் நான்கு மாலை அமர்ந்து ஒட்டினோம். ‘காலாணி என்று வருமிடமெல்லாம் காய்ப்பு என்று படித்துக்கொள்க. உள்ளங்காலில் தடித்து இறுகிய தோலே காய்ப்பு. அது வலிக்காது. வலிக்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுக’ என்பது சீட்டின் வாசகம்.

சீட்டு ஒட்டிய படி ஒன்றைத் தமக்கையார் வீட்டிற்கும் அனுப்பினோம். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, கிடைத்ததா அத்தான் என்று கேட்டோம். கிடைத்தது, கடையில் மாட்டிவைத்திருக்கிறேன் என்றார். பிறகு, “காய்ப்பு என்றால் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, தம்பி. எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.